உடன்பிறந்த புன்னை: மரங்காத்த கதைகளின் வரலாறு

மரங்களை உயிருடையனவாகவும் உறவுடையனவாகவும் போற்றி ஒழுகியமை பழந்தமிழர் வாழ்வின் சிறப்பியல்புகளுள் ஒன்றென்பது அறிஞர் பலர் எடுத்துக்காட்டிய உண்மையாகும். சங்க நூல்களில் வரும் மரங்கள் எத்துணை, அவற்றின் பூக்கள் எவ்வெத் திணைக்கு உரியன, எவ்வரசர் எப்பூவைச் சூடினர் என்பன குறித்து வெளிவந்த கட்டுரைகள் பல. ஆயின், மரத்தைப் போற்றும் அம்மனப்பாங்கு ஒரு தலைமுறையினின்றும் அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு சென்றது, சிறுவர் நெஞ்சில் அதனைப் பதித்தவர் யாவர், எக்கருவி கொண்டு பதித்தனர் என்னும் வினாக்களை எழுப்பினார் மிகச் சிலரே. அச்சிட்ட பாடநூலும் அரசாங்கச் சுற்றறிக்கையும் இல்லாத காலத்தில் அக்கருவி பெரும்பாலும் கதையாகவே இருந்திருத்தல் வேண்டும். அக்கதைகளுள் எவை மரத்தைக் காத்தன, எவை காவாது விட்டன என்பதனை ஒருவாறு நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கிடைக்கும் சான்றுகளுள் தலையாயது நற்றிணையின் 172ஆம் பாட்டு. பாடியவர் பெயர் கிடைத்திலது. நற்றிணை முழுவதும் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோடு 1915இல் அச்சேறிய பின்னரே இப்பாட்டுக் கற்றோர் பலர் கைக்கு எட்டியது. கடற்கரையிலே புன்னை மரமொன்றின் நிழலில் தலைவியைக் காணவேண்டிப் பகற்பொழுதில் தலைவன் வருகின்றான். தோழி அவனைத் தடுத்து ஒரு செய்தி கூறுகின்றாள். சிறுமியராய் இருந்த காலத்தில் யாங்கள் ஆயத்தாரோடு விளையாடும்போது புன்னை விதையொன்றை வெண்மணலில் அழுத்தி வைத்து, பின் அதனை மறந்தே போயினேம். அது தானே முளைவிட்டது. முளை கண்டு மகிழ்ந்து, நெய்யும் பாலும் பெய்து வளர்த்தேம். அதுகண்ட எம் அன்னை, இம்மரம் உங்களினும் சிறந்தது, உங்கள் உடன்பிறப்பு ஆவது எனப் பாராட்டி உரைத்தாள். ஆதலின் இதன் முன்னே நின்னோடு நகைத்துப் பேச நாணுகின்றேம். நீ விரும்பின் வேறு நிழல்களும் உள - இதுவே தோழி கூற்றின் சாரம். பாட்டில் வரும் நுவ்வை என்னுஞ் சொல்லைத் தங்கை என்பாரும் தமக்கை என்பாரும் உளர். விதையிட்டு வளர்த்தவர் சிறுமியரே ஆதலின் தங்கை எனக் கொள்ளுதல் முறையாகும். ஆனால் அதன் முன்னே நாணி ஒடுங்குவதை நோக்கின் தமக்கை என்றலும் பொருந்தும் போலும்.

அகத்துறைப் பொருளில் இப்பாட்டு வரைவு கடாதல் ஆகும். அஃதாவது, மறைவிற் சந்திப்பதை நீக்கி மணஞ்செய்து கொள்ளுமாறு தலைவனைக் குறிப்பால் வற்புறுத்துவது. அத்துறையின் நயங்களை உரையாசிரியர்கள் விரித்துள்ளனர். நமக்கு வேண்டுவது வேறு. ஒரு தாய் தன் குழந்தைகளுக்கு ஒரு மரத்தைப் பற்றிச் சிறு கதையொன்று சொல்லியிருக்கின்றாள். அது கதை என்னும் பெயர்க்குத் தகுமோ என ஐயுறுவார் இருக்கலாம். ஏனெனில் அதன் நீளம் ஒரு வாக்கியமே. ஆயினும் இல்லாத உறவொன்றைச் சொல்லாற் படைத்து, அதனைக் கேட்டார் நம்பி அதன்வழி ஒழுகச் செய்தல் கதையின் வேலையன்றி வேறென்னை? சிறுமியர் பருவம் எய்தி மங்கையர் ஆயினர். மரமும் நிழல் தருமளவு ஓங்கிற்று. எனினும் அன்று கேட்ட அச்சொல் அவர்தம் ஒழுக்கத்தை இன்றும் ஆளுகின்றது. மரத்தை வெட்டாதே என்று யாரும் அவர்களுக்குக் கட்டளை இட்டிலர். கட்டளைக்கு அங்கு இடமும் இல்லை. உடன்பிறந்தாளை யார் வெட்டுவார்?

இதில் ஊன்றி நோக்கத் தக்கது நிகழ்ச்சிகளின் வரிசை. முதலில் விளையாட்டு, அதன் பின் மறதி, அதன் பின் முளை, அதனைக் கண்ட வியப்பால் எழுந்த பேணுகை, இறுதியிலேதான் அன்னையின் சொல். அன்னை முதலிற் கதை சொல்லி, அதன்பின் விதையைக் கையிற் கொடுத்து, நடுக என ஏவினாளல்லள். குழந்தைகள் தாமாகச் செய்துவிட்ட செயலொன்றைக் கண்டு அதற்கு ஒரு பெயர் இட்டாள். அப்பெயர் இடாதிருந்தால் நெய்யும் பாலும் பெய்த ஆர்வம் சின்னாளிற் குன்றியிருக்கும்; சிறார் ஆர்வத்தின் இயல்பு அதுவே. ஆர்வம் எழுந்த வேளை பார்த்து உறவுப் பெயர் சூட்டியமையே அத்தாயின் நுண்ணறிவு. இன்னும் ஒன்று: புன்னை பயனில்லாத மரமன்று. அதன் வித்திலிருந்து விளக்கெரிக்க எண்ணெய் எடுத்தனர். அதன் மரம் படகு செய்யப் பயன்பட்டது. நெய்தல் நிலத்துத் தாய் இவற்றை அறியாதிருந்தாள் எனல் பொருந்தாது. அறிந்திருந்தும் அவற்றுள் ஒன்றையும் அவள் வாய்திறந்து சொன்னதாகப் பாட்டில் இல்லை.

இவ்வெண்ணத்திற்கு அடியாக அமைந்த கொள்கையைத் தொல்காப்பிய மரபியலிற் காணலாம். உயிர்களை அறிவு வகையாற் பகுக்கும் ஆசிரியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என முதற்கண் வைத்து, அவ்வரிசையின் முடிவில் ஆறறிவுடைய மக்களை வைக்கின்றார். மனிதன் உச்சியில் நிற்கின்றான் என்பது மெய்யே. ஆயினும் நிற்பது அதே ஏணியில்.

வடமொழி இலக்கியத்திலும் இவ்வுறவு மொழி கேட்கின்றது. காளிதாசரின் சாகுந்தலத்தில், முதலங்கத்திலேயே செடிகளுக்கு நீர் வார்க்கும் சகுந்தலை, தந்தையின் ஏவலால் மாத்திரம் இதனைச் செய்யவில்லை, இவற்றின்பால் எனக்கு உடன்பிறந்தார் அன்பு உண்டு என்கின்றாள். நான்காம் அங்கத்தில் அவள் கணவன் வீடு செல்லும்போது கண்ணுவர் தபோவன மரங்களையே விளித்து விடைகேட்கின்றார். உங்களுக்கு நீர் ஊட்டாமல் தான் நீர் அருந்தாதவள், அணிகளில் விருப்பம் உடையவளாயினும் உங்கள் தளிரைக் கிள்ளாதவள் என்று அவள் இயல்பைக் கூறுகின்றார். மறைமலையடிகள் 1907இல் இந்நாடகத்தைத் தமிழாக்கினார்; அதன்வழி நம் மாணவர் பலர் இக்காட்சியை அறிவர். மச்சபுராணத்தில் உமாதேவியார் அசோகக் கன்றொன்றை நீரூற்றி வளர்த்து மகனாகக் கொள்ளுகின்றார். அதன் காரணத்தைத் தேவர்கள் வினவ, பத்துப் புதல்வர்க்கு ஒரு மரம் ஒப்பு என்று விடையிறுக்கின்றார். நெய்தல் நிலத்துத் தாயும் மலைமகளும் ஒரே மொழி பேசுவது வியப்பன்று. பெண்டிர் வாயிலாகவே இம்மரபு வளர்ந்தது எனத் துணிவதற்கு இவை போதியன அல்லவெனினும், அவ்வாறு ஐயுறுதற்கு இடந்தருகின்றன.

அரசவைக்குள் நுழைந்தால் மரத்தின் நிலை வேறு. மூவேந்தரும் குறுநில மன்னரும் தத்தமக்குரிய காவன்மரம் ஒன்றைப் பேணினர். பகைவனது காவன்மரத்தை வெட்டி வீழ்த்துதல் வெற்றியின் அடையாளம். சேரன் செங்குட்டுவன் பழையனது வேம்பினைத் தடிந்த செய்தி பலரும் அறிந்தது. இங்கே மரம் உறவன்று. கொடிபோலவும் முரசுபோலவும் ஓர் அரசச் சின்னம். சின்னமாகிய மரம் சிறப்பாற் காக்கப்படுகின்றது. அச்சிறப்பே அது வெட்டுண்ணவும் காரணமாகின்றது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைக் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாடிய புறப்பாட்டு இவ்விடத்து நினைக்கத்தக்கது. பகைவர் நாட்டை அழிப்பினும் அவர்தம் காவன்மரங்களை வெட்டாது விடுக என வேண்டும் புலவர், அதற்குக் காட்டும் காரணம், அம்மரங்கள் நின் பெரிய யானைகளைக் கட்டும் கட்டுத்தறியாதற்கு ஆற்றா என்பதே. மரத்தின்மேல் இரக்கங்கொண்டு விடுக என்று போர்வெறி கொண்ட வேந்தனிடம் கூறின் எடுபடாது. ஆதலின் யானையைத் துணைக்கு அழைத்தார் போலும். குழந்தையிடம் உறவு சொன்னாற் போதும். வளர்ந்தவனிடம் சாக்குச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

மரத்தின் பெருமை எல்லைகடந்தாற் கேடு விளையும் என்பதனையும் சங்கச் சான்றோர் மறைத்திலர். நன்னன் என்னும் குறுநில மன்னனின் மாமரத்துக் காயொன்று ஆற்றில் மிதந்து வந்தது. நீராடச் சென்ற பெண்ணொருத்தி அதனை எடுத்துத் தின்றாள். அக்குற்றத்திற்கு எண்பத்தொரு யானைகளும் அவள் நிறையளவு பொற்பாவையும் ஈடாகத் தருவதாகக் கூறியும் கேளாது நன்னன் அவளைக் கொன்றான். குறுந்தொகையில் இதனைக் குறிப்பிடும் பரணர், பெண்கொலை புரிந்த அவன் நீங்கா நரகம் எய்தினான் எனப் பொருள்படப் பேசுகின்றார். கோசர் அம்மாவினை வெட்டிய செய்தியையும் அவரே பிறிதோர் பாட்டில் தருகின்றார். மரத்திற்காகப் பெண்ணை மாய்த்தவனுக்குத் தமிழிலக்கியம் மன்னிப்பு வழங்கவில்லை. மரப்பற்றுக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பாரியின் தேரை மாத்திரம் சொல்லி நன்னனை விட்டுவிடுதல் ஒருபாற் கோடுதலாகும்.

பாரியின் கதை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். படரக் கொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குத் தேரை ஈந்த செயலை வகுப்பிலே கூறியவுடன், ஒரு தடியை ஊன்றினாற் போதாதா ஐயா என வினவும் மாணவன் ஒருவன் எவ்வகுப்பிலும் இருப்பான். அவனை அதட்டி அமர்த்துதல் தவறு. அவன் கேட்டது நல்ல கேள்வி. கொடைமடம் என்ற சொல்லைப் படைத்த நம் முன்னோரும் அக்கேள்வியை எண்ணியவர்களே. அக்கேள்விக்குப் பின்னர் அம்மாணவனிடம் ஒரு தடியையும் ஒரு முல்லைக் கொடியையும் கொடுத்து விடுவது ஆசிரியரின் திறமை.

இனி, நாட்டுப்புறக் கதைகளை நோக்குவோம். நம் கிராமங்களில் மரத்தைப் பற்றிக் குழந்தை கேட்கும் முதற் கதை பெரும்பாலும் அச்சக் கதையே. புளியமரத்திற் பேய், ஆலமரத்தில் முனி, உச்சிப்பொழுதில் தனிப்பனையடிக்குப் போகாதே. ஆலும் அரசும் நின்ற இடத்திற் சூலம் ஒன்றை நட்டு வைரவர் எனக் கும்பிட்டமையால் அம்மரங்கள் கோடரிக்குத் தப்பின. தமிழ்நாட்டில் ஐயனார் கோயிற் காடுகள் பல இவ்வச்சத்தாலேயே எஞ்சின. அதனை இகழ்வதற்கில்லை. ஆயினும் அச்சம் காவல் செய்யுமேயன்றி நீர் வார்க்காது. பேய்க்குப் பயந்து புளியங்கன்று நட்டவன் எவனும் இல்லை. மேலும், பேய் இல்லையென்று பிள்ளை அறிந்துகொள்ளும் நாள் ஒன்று வருகின்றது. மின்விளக்கு வந்த ஊர்களில் அந்நாள் விரைந்து வந்தது. அன்றோடு மரத்தின் காவலும் நீங்குகின்றது.

அச்சமில்லாத கதைகளும் உள. நாவல் மரத்தின்மேல் மாட்டுக்காரச் சிறுவனாக இருந்த முருகன், சுட்ட பழம் வேண்டுமோ சுடாத பழம் வேண்டுமோ என ஒளவையாரை வினவிய கதையைக் கேட்ட பிள்ளை, நாவற்பழத்தை மணலிலிருந்து எடுத்து ஊதும்போதெல்லாம் தானும் அக்கதைக்குள் புகுந்துவிடுகின்றது. வேதாளக் கதை மற்றொரு சுவையான சான்று. வடமொழியில் வேதாளம் தொங்குவது சிம்சுபா மரத்தில். தமிழிற் கதை சொன்னோர் அதனை எல்லார் வீட்டு வேலியிலும் நிற்கும் முருங்கைக்கு மாற்றினர். காற்றுக்கே முறியும் முருங்கைக் கொம்பில் வேதாளம் எவ்வாறு தொங்கிற்று என்று கேட்டலாகாது! கேட்போர் அறிந்த மரத்திலேயே கதை ஏறவேண்டும் என்னும் நுட்பத்தை அவர்கள் உணர்ந்திருந்தனர். நம் ஊர்ப்பெயர்களிலும் இடப்பெயர்களிலும் இத்தகைய கதைகள் உறங்குகின்றன. வேம்படி, அரசடி, ஆலடி, புளியடி, நாவற்குழி, மருதங்கேணி எனச் சொல்லும்போது நாம் மரங்களையே சொல்லுகின்றோம். அவ்வேம்பு எங்கே நின்றது என வினவும் பிள்ளைக்கு விடைகூற வல்ல முதியோர் அருகி வருகின்றனர்.

கதையும் பேணுகையும் பிரியாது நெடுங்காலம் நிலைத்தமைக்கு இலங்கையிலேயே உலகறிந்த சான்று ஒன்று உண்டு. கி. மு. 3ஆம் நூற்றாண்டில் தேவநம்பியதீசன் காலத்தில் அநுராதபுரத்தில் நடப்பட்ட போதிமரக் கிளை இன்றும் நிற்கின்றது. மனிதர் நட்ட காலம் வரலாற்றில் பதிவுபெற்ற மரங்களுள் இதனினும் பழையது இல்லையென்பர். சங்கமித்தை அக்கிளையோடு கரையிறங்கிய துறை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள சம்புகோளம் என்னும் சம்புத்துறை. அக்கிளையினின்றும் தோன்றிய எட்டுக் கன்றுகளுள் ஒன்று அத்துறையிலேயே நடப்பட்டதென மகாவமிசம் கூறும். சம்பு என்பது நாவல். ஆக, நாவலின் பெயர்கொண்ட துறையில் அரசு வந்திறங்கியது. மரத்தோடு அதனைக் காக்கும் குடியினர் பலரும் அசோகனால் அனுப்பப்பட்டனர் என்பதும் அந்நூற் செய்தி. அரசி திஸ்ஸரக்கா பொறாமையால் கயாவின் போதிமரத்தைப் பட்டுப்போகச் செய்த கதையும் அதிலேயே வருகின்றது. அரசன் தன்னினும் ஒரு மரத்தை மிகுதியாக நேசிக்கின்றான் என்பதே அவள் பொறாமைக்குக் காரணம். மரத்தைப் பகைப்பெண்ணாக எண்ணிய அவ்வரசியும், அதனை உடன்பிறப்பாக எண்ணிய நற்றிணை மங்கையரும் ஒருவகையில் ஒத்தவரே: இருவர்க்கும் அது வெறும் மரமன்று. வரலாற்றாசிரியன் இக்கதைகளின் மெய்ம்மையை எவ்வாறு அளப்பினும், இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளாக அம்மரத்திற்கு நீர் வார்த்த கைகளை இயக்கியது அக்கதை என்பதனை மறுத்தல் இயலாது.

கதை மாத்திரம் எஞ்சி மரம் மறைவதும் உண்டு. தில்லை என்னும் மரத்தாற் பெயர்பெற்ற சிதம்பரத்தில் அம்மரக்காடு இன்று இல்லை. அதனைக் காண விழைவோர் கிழக்கே பிச்சாவரத்துக் கழிமுகத்திற்குச் செல்லவேண்டும். விசயதசமி நாளில் நம் கோயில்களில் நிகழும் மானம்பூ விழாவும் அத்தகையதே. பாண்டவர் தம் படைக்கலங்களை வன்னி மரத்தில் ஒளித்து வைத்தமையும், விராடனது நாட்டில் அருச்சுனன் காண்டீவத்தை மீட்டமையும் அன்று நினைக்கப்படுகின்றன. வன்னிவாழை வெட்டு என்று பெயர் வழங்கினும் வெட்டுண்பது வாழையே. வாள்வீச்சைக் காணத் தோளில் ஏறியிருக்கும் சிறுவர் பலர் வன்னி மரத்தை வாழ்நாளில் ஒருமுறையும் கண்டிலர்.

அதே வன்னி மரத்திற்காக வடஇந்தியாவில் மக்கள் உயிர்நீத்த வரலாறு ஒன்று உண்டு. இராசத்தானத்து விசினோயி மக்கள் குரு சம்பேசுவரரின் (1451 - 1536) இருபத்தொன்பது நெறிகளைக் கைக்கொண்டவர். பச்சை மரத்தை வெட்டாமை அவற்றுள் ஒன்று. 1730இல் சோதபுரி மன்னன் அபயசிங்கின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டிக் கேசர்லி என்னும் ஊரில் வன்னி மரங்களை வெட்ட வந்தனர். அமிர்தாதேவி என்னும் பெண் மரத்தைத் தழுவி நின்று வெட்டுண்டாள். அவள் புதல்வியரும் ஊராரும் அவ்வாறே செய்ய, மாண்டோர் தொகை 363 ஆயிற்று. அதன்பின் மன்னன் விசினோயி ஊர்களில் மரம் வெட்டுதலைத் தடைசெய்தான். அக்கதையைக் கேட்டே வளரும் அச்சமூகத்துப் பிள்ளைகளின் ஊர்களில் வன்னி மரங்கள் பாலைநிலத்திடையே இன்றும் செழித்து நிற்கின்றன. 1974இல் இமயமலைச் சாரலிலுள்ள இரேணி என்னும் சிற்றூரில் மரம் வெட்ட வந்தோரைக் கௌராதேவியும் ஏனைய பெண்டிரும் மறித்தபோது, இக்காடு எமது தாய்வீடு என்று அவர் கூறியதாகச் சொல்வர். மீண்டும் உறவு மொழியே.

இவ்வுறவு மொழி நம் கல்வியினின்றும் எப்போது விலகிற்று? 19ஆம் நூற்றாண்டில் அச்சும் ஆங்கிலக் கல்வியும் பரவியபோது மரத்தைப் பற்றிய பேச்சுப் பயன்பற்றிய பேச்சாக மாறியது. வில்லியம் பெர்குசன் 1850இல் பனையைப் பற்றித் தனி நூலே எழுதினார். பனைக்கு 801 பயன்கள் உள என்று கூறும் தமிழ்ச் செய்யுணூல் ஒன்றை அவர் எடுத்துக்காட்ட, அவ்வெண்ணைப் பின்வந்தோர் எல்லாரும் ஓதினர், இன்றும் ஓதுகின்றனர். ஓலை, நார், மட்டை, கள், கருப்பட்டி, ஒடியல், கிழங்கு, வளை, சிலாகை என அடுக்கும் கட்டுரையை எழுதாத யாழ்ப்பாணத்து மாணவன் இல்லை. கதை என்ற பெயரில் ஆங்கில வாசகங்கள் வழியே வந்தவற்றுள் ஒன்று, அமெரிக்கத் தலைவர் வாசிங்டன் சிறுவயதில் தந்தையின் செரி மரத்தை வெட்டி, உண்மையை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற கதை. வீம்ஸ் என்னும் பாதிரியார் 1806ஆம் ஆண்டுப் பதிப்பிலே சேர்த்த இக்கதைக்கு வரலாற்றுச் சான்று இல்லை. அது கிடக்க. சிறுவன் உண்மை பேசினான், தந்தை தழுவிக்கொண்டார், எல்லாரும் மகிழ்ந்தனர். வெட்டுண்ட செரிமரத்தை நினைத்து ஒருவரும் வருந்தியதாகக் கதையில் இல்லை. இத்தகைய கதைகளில் மரம் ஒரு மேடைப்பொருள். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878 - 1953) போன்றோர் சிறுவர்க்கென இனிய பாடல்கள் இயற்றியும், தாலவிலாசம் பாடிப் பனையைச் சிறப்பித்தும் இக்குறையை ஓரளவு நீக்கினர். எனினும் பாடசாலைக் கட்டுரையில் வென்றது பயன்பட்டியலே.

பயனைச் சொல்லுதல் பிழையோ எனின், பிழையன்று. பனையின் திறத்திலே அது போதாது என்பதே கூற்று. தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்னும் பழமொழி நம்மவர் கண்டறிந்த உண்மை. பனை பூப்பதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு வரை செல்லும். எட்டு வயதில் விதையிட்ட பிள்ளை அதன் நுங்கைச் சுவைக்கும்போது பெரும்பாலும் மணஞ்செய்யும் வயதினன் ஆகிவிடுவான். 801 பயன்களுள் பெரும்பாலானவை அவன் பள்ளிப்பருவத்தில் அவனுக்குக் கிட்டா. எனவே பயன்கருதி ஒரு குழந்தை பனை நடும் என எதிர்பார்த்தல் கணக்கறியாமை. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் வடக்கிலும் கிழக்கிலும் பனைகள் பல இலட்சம் அழிந்தன. குண்டுபட்டுத் தலையிழந்தவை ஒருபுறம், பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் வெட்டப்பட்டவை மற்றொருபுறம். அவற்றிற்கு ஈடாக இன்று நடப்படும் வித்துக்கள் பயன்தரும் காலத்தை நட்டவர் பலர் காணப்போவதில்லை. நட்டதைப் பேணும் பொறுப்பு இன்றைய சிறுவர்மீதே விழுகின்றது. அவர்களை அப்பணியில் நிறுத்தக்கூடியது பயன்பட்டியல் அன்று.

மரநடுகை நாளில் பாடசாலைகளில் நிகழ்வதை ஆசிரியர் யாவரும் அறிவர். விருந்தினர் வருவார், கன்று நடுவார், நிழற்படம் எடுக்கப்படும், அடுத்த விடுமுறை முடிந்து திரும்பும்போது கம்புக்கூடு நிற்கும், கன்று நில்லாது. மறுவருடம் அதே குழியில் வேறொரு விருந்தினர் வேறொரு கன்று நடுவார். இங்கே நற்றிணைத் தாயின் வரிசை தலைகீழாகி விடுகின்றது. விளையாட்டு இல்லை, முளை கண்ட வியப்பு இல்லை, பெயரிடுதல் இருப்பினும் அது பலகையில் எழுதிய விருந்தினர் பெயரே. மாணவனுக்கு அம்மரம் என்ன முறை?

நம் வளவுகளில் நற்றிணைக் காட்சிக்கு மிக அணித்தாயதொரு வழக்கம் இன்னும் மறையவில்லை. பனங்காய்க் காலம் கழிந்தபின் கொட்டைகளைப் பொறுக்கி மணலைக் கூட்டிப் பாத்தி போடுதலும், சில மாதங்களின் பின் பாத்தியைக் கிண்டிக் கிழங்கு எடுத்தலும் பெரியோர் தொழிலாயினும் சிறுவர்க்குத் திருவிழா. கொட்டை அடுக்குவதும் தண்ணீர் ஊற்றுவதும் அவர்களே. கிண்டும் நாளிற் கிழங்கை எண்ணிச் சண்டையிடுவதும் அவர்களே. சங்ககாலச் சிறுமியர் வெண்மணலில் அழுத்தி மறந்த வித்து இங்கே பாத்தியின் ஓரத்தில் உருண்டு கிண்டப்படாமற் போன கொட்டையாக வருகின்றது. அதுதான் பின்னர் வடலியாகி, வீட்டார் வியப்போடு காணும்படி ஓலை விரிக்கின்றது. அவ்வோலையை மாட்டுக்கு வெட்டுமுன், பாத்தி போட்ட பிள்ளையை அழைத்து, இது உன்னோடு பிறந்தது எனச் சொல்ல ஒரு பாட்டியோ தாயோ ஆசிரியரோ அருகிருப்பின் அவ்விடத்தில் இரண்டாயிரம் ஆண்டு மரபொன்று மீண்டும் தொடங்கும். கல்லூரி வளவிலும் மாணவர் கையாலேயே ஒரு பாத்தி போடுவித்து, கிழங்கை அவர்களையே தின்னவிட்டு, ஓரத்து விதை ஒன்றைக் கிண்டாது விடும்படி சொல்லிப் பார்க்கலாம். செலவு அதிகமில்லை, விருந்தினரும் வேண்டியதில்லை.

ஒரு சிறு இடர்ப்பாடு உண்டு. பனையில் ஆணும் பெண்ணும் வேறுவேறு மரம். பூக்கும் வரை எது எதுவென அறிய வகையில்லை. தங்கை என்று பெயரிட்டு வளர்த்த பிள்ளை, பதினைந்து ஆண்டு கழித்து ஒருநாள் அண்ணாந்து பார்த்து, தம்பி என்று திருத்திக்கொள்ள நேரலாம்.